எலி வளையானாலும் தனி வளை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டுச் சிரித்தும் இருக்கிறோம். அப்பழமொழிக்குள் எத்தனை பேருடைய கண்ணீர் அடங்கியிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்புத் தோழியரே! மேலே படிக்குமுன் ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, வகுப்பறைத் தரையில் நீளம் பத்தடி, அகலம் பத்தடி உள்ள ஒரு சதுரம் வரையுங்கள். உங்களில் ஐந்து பேர் அதற்குள் படுத்துக்கொள்ளுங்கள். கைகாலை ஒடுக்கிப் படுத்தாலும் ஒருவருக்கு ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் வேண்டும். ஆக ஐவருக்கு 60 சதுர அடி. எஞ்சுவது 40 சதுர அடி. அதற்குள் அடுப்பு, தண்ணீர்க் குடங்கள், துணிப்பெட்டி, அரிசிப் பானை, புத்தகப் பை ஆகிய யாவும் அடங்க வேண்டும். கதவு திறந்து மூடவும் இடம் வேண்டும். வயது வந்த பெண் உடை மாற்றுவது எங்கே? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை விளக்கை வைப்பது எங்கே? நோயுற்ற பாட்டியைக் கிடத்துவது எங்கே?

இது கணக்குப் பாடத்திற்காகக் கற்பனை செய்த வீடு அன்று. கடல் கடந்து அடைக்கலம் தேடி வந்த நம் சகோதர சகோதரியர் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த வீட்டின் அளவே அது.

தற்காலிகம் என்ற ஒரு சொல்

1983-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கையில் மூண்ட இனக் கலவரத்திற்குப் பின், தமிழ் மக்கள் படகேறித் தமிழகக் கரைக்கு வரத் தொடங்கினர். 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது மற்றோர் அலையாக வந்தனர். அதன் பின்னரும் போர் கடுமையான காலங்களில் எல்லாம் வந்தனர். 1983 முதல் இவ்வாறு வந்தோர் தொகை 3 லட்சத்திற்கு மேல். இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, பின் பல மாவட்டங்களுக்கும் அவர்கள் பிரித்து அனுப்பப்பட்டனர். நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சின்னசேலத்திலும் இத்தகைய முகாம் ஒன்று உண்டு.

வந்த மக்களை முதலில் எங்கே தங்க வைப்பது? புயல் பாதுகாப்புக் கட்டடங்களிலும் கிடங்குகளிலும் தங்க வைத்தனர். பின்னர் பத்தடிக்குப் பத்தடி அளவில் சிறு கொட்டகைகள் போடப்பட்டன. பலவற்றிற்குத் தார்ச்சீட்டே கூரை. கோடையில் அது தகிக்கும். ஐப்பசி மழையில் ஒழுகும். காற்றடித்தால் பறக்கும். எனினும் எவரும் குறை கூறவில்லை. "சில மாதங்கள்தானே, ஊர் திரும்பிவிடுவோம்" என்றே அரசும் எண்ணியது, வந்தவர்களும் எண்ணினர்.

சில மாதங்கள் சில ஆண்டுகளாயின. ஆண்டுகள் நாற்பதாயின. கைக்குழந்தையாய் வந்தவர் பேரக்குழந்தையைக் கொஞ்சும் வயதை எட்டிவிட்டார். கொட்டகையோ கொட்டகையாகவே இருந்தது. இன்றைக்கு மட்டும் என்று எண்ணிக் கட்டியதற்கு ஆழமான கடைக்கால் தோண்ட மாட்டார்கள். சாக்கடை அமைக்க மாட்டார்கள். குடும்பம் பெருகுமே என்று இடம் விட மாட்டார்கள். இதனால்தான் தற்காலிகம் என்ற சொல் வீடு கட்டும் தொழிலில் மிகவும் ஆபத்தான சொல்லாகிறது. அகதிகளுக்கு வீடு கட்டுவோர் உலகெங்கும் கற்றுக்கொண்ட முதற் பாடமும் இதுவே.

நூறிலிருந்து முந்நூறு

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 அன்று தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். முகாம்வாழ் மக்களுக்காக ரூ.317.40 கோடியில் பல திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பெரியது வீட்டுத் திட்டம். பழுதடைந்த 7,469 வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்ட ரூ.231.54 கோடி ஒதுக்கப்பட்டது. முதற்கட்டமாக 3,510 வீடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அப்போது 29 மாவட்டங்களில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்து வந்தனர். அகதிகள் முகாம் என்ற பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது.

அவ்வாண்டு நவம்பரில் வேலூர் மாவட்டம் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் மாவட்டம் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. 2023 செப்டம்பர் 17 அன்று 13 மாவட்டங்களில் 19 முகாம்களைச் சேர்ந்த 1,591 வீடுகள், ரூ.79.70 கோடியில் கட்டி முடிக்கப்பட்டு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டன.

இங்கே கணக்கு வகுப்பை மறவாதீர்கள். முதல் மதிப்பீட்டில் 231.54 கோடியை 7,469 ஆல் வகுத்தால் வீடு ஒன்றுக்குச் சுமார் ரூ.3.10 லட்சம் வரும். 79.70 கோடியை 1,591 ஆல் வகுத்தாலோ சுமார் ரூ.5 லட்சம் வருகிறது. இரண்டே ஆண்டுகளில் இத்தனை வேறுபாடு! சிமெண்டும் கம்பியும் மணலும் கூலியும் ஏறுவதை வீடு கட்டிய பெற்றோர் எவரும் அறிவர். "வீட்டைக் கட்டிப் பார்" என்று முன்னோர் சொன்னது அரசுக்கும் பொருந்தும் போலும்! ஏழைகளுக்கான வீட்டுத் திட்டங்கள் பாதியில் நிற்பதற்கு மனமின்மை மட்டும் காரணமன்று. ஒதுக்கிய தொகை ஓரிடத்தில் நிற்க, விலைவாசி ஓடிக்கொண்டே இருப்பதும் காரணமாகும்.

புதிய வீட்டின் பரப்பு சுமார் 300 சதுர அடி. மீண்டும் சாக்பீஸை எடுங்கள். பழைய சதுரத்தோடு அதே போன்ற இரண்டு சதுரங்களைச் சேர்த்து வரையுங்கள். இப்போது படுக்க ஓர் அறை, இருந்து பேச ஓர் இடம், சமைக்க ஒரு மூலை, தனியே ஒரு கழிவறை என்று பிரிக்க முடிகிறதல்லவா? மாளிகை அன்று; ஆயினும் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றலாம். ஒரு மாணவி விளக்கருகே அமர்ந்து படிக்கலாம். அந்த ஒரு கதவின் அருமையை அது இல்லாதவர்கள்தாம் அறிவார்கள்.

சுவருக்கு வெளியேயும் வீடு உண்டு

நான்கு சுவரும் ஒரு தளமும் எழுப்பிவிட்டால் வீடு ஆகிவிடுமா? ஆகாது. பொறியாளர்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது சுவருக்கு வெளியே உள்ளவற்றையும் சேர்த்தே பேசுவார்கள்.

முதலாவது தண்ணீர். பொதுக்குழாய் அரை மைல் தொலைவில் இருந்தால் குடம் சுமப்பது யார்? வீட்டுப் பெண்கள்தாம். பள்ளிக்குப் பிந்தி வருவதும் அவர்கள்தாம். இரண்டாவது கழிவுநீர். சாக்கடை இல்லாத வரிசை வீடுகளில் ஒரு வீட்டுத் தண்ணீர் அடுத்த வீட்டு வாசலில் தேங்கும். சண்டையும் கொசுவும் சேர்ந்தே வளரும். மூன்றாவது தரைமட்டம். பேஸ்மட்டம் தெருவைவிட உயர்ந்திராவிட்டால் முதல் மழையிலேயே பாயும் புத்தகமும் மிதக்கும். நான்காவது காற்றோட்டம். ஒரு சுவரில் மட்டும் ஜன்னல் வைத்தால் காற்று உள்ளே வந்து திகைத்து நிற்கும். எதிர்ச் சுவரிலும் ஒரு ஜன்னல் இருந்தால்தான் அது கடந்து செல்லும். இதற்குக் கூடுதல் செலவு சிறிது, முன்யோசனையே பெரிது.

சிக்கனமாகவும் குளிர்ச்சியாகவும் வீடு கட்டும் வழியைக் காட்டியவர்களுள் ஒருவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தைத் தம் வீடாக்கிக்கொண்டு, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையை அவர் பரப்பினார். இதனால் செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். இம்முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். எலி வளையைப் பற்றிப் பேச வந்த இடத்தில் எலிப்பொறியும் வந்துவிட்டது பாருங்கள்!

கட்டித் தருவதா, கட்ட விடுவதா?

பிறருக்கு வீடு கட்டுவதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒப்பந்தக்காரரைக் கொண்டு ஒரே மாதிரியாகக் கட்டிச் சாவியைக் கையில் கொடுப்பது. மற்றொன்று, பணத்தையும் தொழில்நுட்ப உதவியையும் கொடுத்து, வீட்டுக்குரியவரையே முன்னின்று கட்டச் செய்வது.

இரண்டாம் வழிக்கு நல்ல சான்று இலங்கையிலேயே உள்ளது. 2009-இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் வீடிழந்தோர் பல்லாயிரவர். அவர்களுக்காக 50,000 வீடுகள் கட்ட உதவுவதாக இந்திய அரசு 2010-இல் அறிவித்தது. முதல் 1,000 வீடுகள் முன்மாதிரியாக ஒப்பந்தக்காரர் மூலம் கட்டப்பட்டன. அதன்பின் 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாளன்று, அடுத்த கட்டம் தொடங்கியபோது முறை மாறியது. குடும்பம் ஒன்றுக்கு இலங்கை நாணயத்தில் ரூ.5,50,000 ஒதுக்கப்பட்டது. கட்டடம் வளர வளர அத்தொகை தவணை தவணையாக அவரவர் வங்கிக் கணக்கிற்கே சென்றது. ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளும் அருகிருந்து வழிகாட்டின. வீட்டின் பரப்பு சுமார் 550 சதுர அடி. பின்னர் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கும் 4,000 வீடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆங்கிலேயர் காலத்து லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக ஒடுங்கி வாழ்ந்த குடும்பங்கள் அவை.

தாமே முன்னின்று கட்டுவோர் கல்லையும் மணலையும் பார்த்து வாங்குவர். கொத்தனாருடன் பேசிச் சமையலறையைத் தம் வசதிப்படி திருப்பி வைப்பர். சுவருக்கு நீர் தெளிக்க மறக்க மாட்டார்கள், ஏனெனில் அது தம் சுவர். ஆயினும் இம்முறையிலும் இடர் உண்டு. கணவரை இழந்த பெண்ணும், முதியவரும், உடல் ஊனமுற்றவரும் சிமெண்டு மூட்டைக்கும் கூலியாளுக்கும் எங்கே அலைவார்கள்? கட்டும் ஆசையில் பெரிதாகத் தொடங்கிக் கடனில் சிக்கியோரும் உண்டு. ஆகவே வலுவுள்ளோர்க்குச் சுதந்திரமும் நலிந்தோர்க்குத் துணையும் கொடுப்பதே சிறந்த திட்டம்.

நம் மலையைப் பார்ப்போம்

கடல் கடந்து வந்தவர்களைப் பற்றியே பேசி, நம் கண்ணெதிரே நிற்கும் மலையை மறக்கலாமா? கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை வரும். கல்வராயன் மலையின் நம் மாவட்டப் பகுதிக்கு அதுவே தலைமையிடம். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆளும் மக்கள் என்பது பெயர்ப் பொருள்; கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளலாகாது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை இம்மலை ஜாகிர்தார்களின் பிடியிலேயே இருந்தது. 1976-இல்தான் அரசு அதனை ஏற்றது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இம்மக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இன்னும் செய்ய வேண்டியது எவ்வளவு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மலைவாழ் மக்களின் பழைய வீடு மூங்கிலும் மண்ணும் புல்லும் கொண்டது. பொருள்கள் காட்டிலேயே கிடைத்தன. அடுப்புப் புகை புல்கூரை வழியே கசிந்து வெளியேறும். தானியத்திற்குப் பரண் உண்டு. ஆட்டுக்கும் கோழிக்கும் பக்கத்தில் இடம் உண்டு. ஆனால் கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும். தீப்பொறி ஒன்று போதும், எல்லாம் சாம்பலாகிவிடும்.

அரசுத் திட்டங்கள் காங்கிரீட் வீட்டைத் தருகின்றன. 1985-இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. 2010-இல் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011-இல் 300 சதுர அடியில் சூரிய ஒளி விளக்குடன் கூடிய பசுமை வீடுகள் வந்தன. 2016-இல் பிரதமர் குடியிருப்புத் திட்டம் வந்தது. 2024-இல் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் வழங்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. யாவும் நற்பணிகளே. ஆயினும் சமவெளியில் வரையப்பட்ட படம் மலையில் அப்படியே பொருந்திவிடாது. சிமெண்டும் கம்பியும் செங்கல்லும் கீழிருந்து வண்டியில் ஏற வேண்டும். சாலை முடியும் இடத்திலிருந்து தலைச்சுமையாகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஏற்றுகூலி கூடும். மேலும் புகைபோக்கி இல்லாத காங்கிரீட் அறைக்குள் விறகடுப்பு எரிந்தால் தாயின் கண்ணும் நெஞ்சும் என்னாவது? பரணும் ஆட்டுக்கொட்டிலும் இல்லாத வீட்டில் விதைத் தானியத்தை வைப்பது எங்கே? வீட்டில் வாழப் போகிறவரை முதலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவை யாவும் வரைபடத்திலேயே இடம்பெற்றுவிடும்.

வீடு யார் பெயரில்?

தோழியரே, நமக்கு மிகவும் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் வீட்டைக் குடும்பத் தலைவியின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ ஒதுக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. பிரதமர் குடியிருப்புத் திட்டத்திலும் இவ்வழக்கம் தொடர்கிறது. இதன் பயன் என்ன? குடும்பத்தில் சச்சரவு வந்தாலும், கணவர் மறைந்தாலும், "வெளியே போ" என்று அவளிடம் எவரும் எளிதில் சொல்ல முடியாது. செங்கல் சுவரைவிட ஒரு பெண்ணுக்கு வலிய சுவர் அவள் பெயரெழுதிய தாள்.

அந்தத் தாள்தான் அகதிக்கும் மலைவாழ் மக்களுக்கும் அரிதாக இருக்கிறது. காட்டில் தலைமுறையாக உழுது வந்தோருக்கு உரிமை வழங்கவென்றே 2006-இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. முகாமில் வாழ்வோருக்கோ வீடு உண்டு, நிலம் அரசுடையது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப் போலவே தமிழ் பேசும் பிள்ளைகளுள்ளும் குடியுரிமை இல்லாதோர் பலர். ஆயினும் நம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உயிருக்குத் தரும் பாதுகாப்பைக் குடிமக்களுக்கு மட்டும் என்று வரையறுக்கவில்லை. எந்த மனிதருக்கும் என்கிறது. உயிர் வாழும் உரிமையில் உறைவிடமும் அடங்கும் என்று 1995-இல் சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இதனைத் தர்மம் என்று மட்டும் கருதுதல் தகாது. இது நீதியும் ஆகும்.

நாம் செய்யக்கூடியது

நாம் மாணவியர், வீடு கட்டித் தர நம்மிடம் பொருள் இல்லை. என்றாலும் செய்யக்கூடியது உண்டு. முகாமிலிருந்தோ மலையிலிருந்தோ ஒருத்தி நம் வகுப்பில் வந்து அமர்ந்தால், "நீ எந்த ஊர்?" என்று கேட்டு அவளைக் குன்ற வைக்காமல், "நாளைக்கு என் பக்கத்தில் உட்காருகிறாயா?" என்று கேட்கலாம். அவள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், அவள் வீட்டில் விளக்கு வைக்க இடமுண்டா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். மாலையில் பள்ளி நூலகத்தில் அவளோடு சேர்ந்து படிக்கலாம். நம்முள் நாளை பொறியாளராகவும், வட்டாட்சியராகவும், ஊராட்சித் தலைவியாகவும் ஆகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்நாளில் ஏழைக்கு வீடு வரையும்போது இந்தச் சாக்பீஸ் சதுரத்தை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஏரோதுக்கு அஞ்சி இரவோடிரவாக எகிப்துக்குச் சென்ற குடும்பத்தை நாம் ஆண்டுதோறும் குடிலில் வைத்து வணங்குகிறோம். அக்குடும்பத்தின் தலைவர் கைத்தொழிலாகக் கொண்டது தச்சுவேலை. பிறர் வீட்டுக்குக் கதவு செய்து கொடுத்த கைகள் அவை. அந்நிய நாட்டில் அவர்களுக்கு எவரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். அவர் பெயர் நமக்குத் தெரியாது.

வகுப்பறையில் வரைந்த சதுரத்தை அழித்துவிடுங்கள், தோழியரே. தரையில் அழிந்தாலும் நெஞ்சில் அழியாதிருப்பதாக!